பெரட்டுக்கு வந்த புலி

சுடலைவடிவு காணாமப் போயிக் கொஞ்ச நாள் கழிச்சு, எதிர்ல நிக்கிற ஆளு மூஞ்சி தெரியாத அளவுக்கு மஞ்சு எறங்கிக் கெடந்த ஒரு காலைல, சூப்பர்வைசர் ஜெபராஜ் ஐயா பெரட்டுல அவ பேரைக் கூப்பிட்டதும், தேயிலைக்குள்ள இருந்து புலி எறங்கி வந்து, அவ எப்பவும் நிக்கிற எடத்துல, எனக்கு எடது கைப்பக்கமா நின்னுச்சு. உறுமல, பாயல, யாரையும் மொறைக்கக்கூட இல்ல, வேலைக்கு வந்த பொம்பளை மாதிரி நின்னுச்சு. ஜெபராஜ் ஐயா தலையைத் தூக்கிப் பாத்தாரு, நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டாரு, அடுத்த பேரைக் கூப்பிட்டாரு. அடுத்தது என் பேரு. "குருவம்மா." "இருக்கேங்கய்யா"ன்னேன். வேற என்னத்தைச் சொல்லச் சொல்றீங்க? பெரட்டுல பேரு கூப்பிட்டா அதைத்தான் சொல்லணும்.

மலையில இல்லாதவங்களுக்குப் பெரட்டு தெரியாது, அதையும் சொல்லிடறேன். எங்க கருங்கொம்பு எஸ்டேட்டுல விடிஞ்சும் விடியாம எல்லாரும் களத்துல வரிசையா வந்து நிக்கணும், சூப்பர்வைசர் பேரு கூப்பிடுவாரு, கூப்பிட்ட பேருக்கு ஒரு குரல் "இருக்கேன்"னு வரணும், வந்தாத்தான் அன்னிக்கு வேலை, வேலை இருந்தாத்தான் பாடியில வீடு. பாடின்னா கம்பெனி கட்டிக் குடுத்த லைன் வீடு. ஒரு ரூம்பு, ஒரு அடுப்படி, வெளிய மழை நின்னாலும் உள்ள நிக்காது, ஆனா அதை விட்டா எங்களுக்கு இந்த ஒலகத்துல தலை சாய்க்க எடம் கெடையாது. வீடு ஆளுக்கு இல்ல, பேருக்கு. பேருக்குப் பதில் வராமப் போச்சுன்னா வாச்சர் வந்து பூட்டைத் தொங்கவிட்டுட்டுப் போயிருவான். அதனால எங்க சனத்துக்குள்ள ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி காய்ச்சல்ல படுத்துட்டா, பிள்ளை பெத்துட்டா, பக்கத்துல நிக்கிறவ அவளுக்கும் சேத்துக் குரல் குடுப்பா, ஆளாளுக்கு ரெண்டு கை கொழுந்தை அவ பையில போட்டு நெரப்பி விடுவோம், ஜெபராஜ் ஐயாவும் தலையைக் குனிஞ்சு மூக்குக் கண்ணாடியத் தொடைக்கிற மாதிரி இருந்துக்குவாரு. சீக்காளிக்குத்தான் குரல் குடுப்போம். போயிச் சேந்தவளுக்கு யாரும் குடுத்ததில்ல, குடுக்கவும் கூடாது.

வடிவு விசயத்துல குடுத்தோம். குடுக்காம என்ன பண்ணச் சொல்றீங்க? காட்டோரத்துல கொழுந்து எடுக்கப் போனவ திரும்பி வரல. போயித் தேடுனா கொழுந்துப் பை கெடந்துச்சு, தலைத்துண்டு கெடந்துச்சு, ஒத்தை ரப்பர் பூட்ஸ் நெட்டுக்குத்தா நின்னுச்சு, ஆளைக் காணோம். ஃபாரஸ்ட்டுக்காரங்க வந்து பாத்துட்டு, உடம்பு கெடைக்காம புலின்னு எப்படிம்மா எழுதறது, அணையில விழுந்திருக்கலாம், யார்கூடவாவது போயிருக்கலாம்னாங்க. யார்கூடவாவது போயிருக்கலாமாம்! காலாணி வந்து எடது காலைத் தரையில ஊன முடியாம நொண்டிக்கிட்டு, ஒரு பக்கம் விழுந்துபோன புருசனுக்குக் கஞ்சி ஊட்டி, பொம்பளைப் பிள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்பிட்டு மலை ஏறுறவ, எவன்கூடப் போவா? செத்ததுக்கும் அத்தாட்சி இல்ல, இருக்கறதுக்கும் அத்தாட்சி இல்ல. பேரு மட்டும் தனியா நின்னுச்சு. அவ மக பொன்ராணி பன்னெண்டாவது படிச்சுக்கிட்டு இருந்தா. அவளுக்குப் பதினெட்டு வயசு நெறைய இன்னும் நாள் கெடந்துச்சு, நெறையாம கம்பெனி அவளைச் சேத்துக்காது. அதுவரைக்கும் அம்மா பேருக்கு ஒரு குரல் வந்துக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா அந்தப் பிள்ளை, படுத்த படுக்கையா இருக்கிற அப்பனைத் தூக்கிக்கிட்டு நடுரோட்டுல நிக்கணும். அவ்வளவுதான் விசயம், கருங்கொம்புல இது தெரியாத ஆளே கெடையாது.

பக்கத்துல நிக்கிறவ நான், அதனால நாந்தான் குரல் குடுத்துக்கிட்டு இருந்தேன். அன்னிக்கும் குடுக்கத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள பேருக்குச் சொந்தக்காரி வந்துட்டா. அப்பத்தான் எங்களுக்கு உறுதியாச்சு, வடிவு அணையில விழல, யார்கூடவும் போகல, இந்த வயித்துக்குள்ளதான் இருக்கா.

எனக்குப் பயமா இருந்துச்சுன்னு தனியாச் சொல்லணுமா? என் இடுப்புகிட்ட அதோட மூச்சு சுட்டுச்சு, பச்சை ரத்தமும் நனைஞ்ச சாக்கும் கலந்தாப்புல ஒரு வாடை. ஓடலாம்னு பாத்தா கால் வரல. சரி, ஒருக்கா பாத்துத் தொலைப்போம்னு கண்ணை மட்டும் கீழ எறக்கிப் பாத்தேன். புலி எடது முன்னங்காலைத் தரையில ஊனாம லேசாத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னுச்சு. அதைப் பாத்ததும் பயம் போயி வேற ஒண்ணு வந்துச்சு, அது பயத்தை விட மோசம். ஏட்டீ, நீயா இதுன்னு கேக்கணும் போல இருந்துச்சு.

பேரு கூப்பிட்டு முடிஞ்சதும் நாங்க மலை ஏறுனோம், அதுவும் ஏறுச்சு. வடிவோட நெரைக்குப் போச்சு. நெரைன்னா ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு விடுற தேயிலை வரிசை, ஒருத்தி நெரையில இன்னொருத்தி கை வைக்க மாட்டா. அது அந்த நெரையோட தலைமாட்டுல, சில்வர் ஓக் மரத்தடியில படுத்துக்கிச்சு. நாங்க எங்க கொழுந்தை எடுத்துக்கிட்டே, எட்டி எட்டி அவ நெரையிலயும் எடுத்து அவ பையில போட்டோம். எடை போடுற நேரத்துக்கு எந்திரிச்சு வந்து ஓரமா நின்னுச்சு. எடை போட்டு முடிஞ்சதும் சோலைக்காட்டுப் பக்கம் போயி மறைஞ்சுச்சு. மறுநாளும் வந்துச்சு. அதுக்கடுத்த நாளும் வந்துச்சு. மழையில வந்துச்சு, வெயில்ல வந்துச்சு, பெரட்டு இல்லாத ஞாயித்துக்கெழமை மட்டும் வரல.

மனுசங்க எதுக்குத்தான் பழக மாட்டாங்க, சொல்லுங்க. மொத வாரம் பிள்ளைங்களை வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிட்டு வந்தோம், அடுத்த வாரம் பூட்ட மறந்தோம், அதுக்கப்புறம் புலி வர நேரமாச்சுன்னா "என்ன, இன்னிக்கு வடிவை இன்னும் காணோம்"னு எட்டிப் பாக்க ஆரம்பிச்சுட்டோம். அது மேல அட்டை ஏறிக் கெடந்தா உப்புத் துணியக் கம்புல கட்டி நானே தள்ளி விட்டிருக்கேன், ஒண்ணும் செய்யாது, கண்ணை மூடிக்கிட்டு இருக்கும். வடிவுகிட்டச் சீட்டுப் போட்டு ஏமாந்த ஒருத்தி அதைப் பாத்து நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டா, அதுவும் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. யூனியன் தலைவரு வந்து, இது நிரந்தரத் தொழிலாளி, இதுக்கு ஒண்ணுன்னா மலையே வேலைக்கு எறங்காதுன்னு பேசிட்டுப் போனாரு, பேசும்போது மட்டும் ஜீப்பை விட்டு எறங்கல. மேனேஜர் தொரைக்குச் சேதி போயி அவரும் வந்தாரு. தூரத்துல இருந்து பாத்தாரு, ரொம்ப நேரம் பாத்தாரு. கடைசியில ஜெபராஜ் ஐயாவைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் மழைப் படங்கு குடுத்தாச்சா?"ன்னு கேட்டாரு. குடுத்தாச்சுங்க சார்னாரு. சரின்னுட்டுப் போயிட்டாரு. ஆளு கொறையாம எடை வந்தாச் சரி, தொரைமாருங்க எந்தக் காலத்துல எங்க மூஞ்சியப் பாத்தாங்க?

பொன்ராணி மட்டும் வரவே இல்ல. தண்ணிக் குழாய்கிட்ட நின்னு களத்தைப் பாக்கும், அம்மா பேரு கூப்பிடுற வரைக்கும் நிக்கும், புலி வந்து நின்னதும் கொடத்தைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிரும். வீட்டுக்குள்ள கட்டில்ல கெடக்கிற பரமசிவம் அண்ணன், வாய் கோணிப்போயி, இருந்தாலும் பேச்சு புரியும், தெனமும் கேப்பாரு, "பொன்ராணி, உங்கம்மா வேலைக்குப் போயிட்டாளா கண்ணு?" அவளும் தெனமும் சொல்லுவா, "போயிட்டாங்கப்பா." பொய் சொன்னான்னு சொல்ல முடியாது. போயிட்டுத்தானே இருந்தா. ஒருநாள் நான் அவளைத் தனியாப் புடிச்சு, கிட்ட வந்து பாருடி, அது உன்னை ஒண்ணும் செய்யாதுன்னேன். "செய்யும்னு பயமில்ல பெரியம்மா"ன்னா. "செய்யாமப் பாத்துக்கிட்டே நின்னுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" மூக்கைச் சீந்திப் போட்டுட்டு வந்துட்டேன்.

ஆனா ஒண்ணு இருக்கு பாத்துக்கோங்க. கொழுந்தைப் புலி திங்காது. எங்ககிட்ட வந்து நின்னுட்டுப் போற நேரம் போக மிச்ச நேரம் அதுக்குப் பசிக்கும்ல? எஸ்டேட்டுக்கு வெளிய, கீழ இருக்கிற கீழ்ப்பாடி ஊர்ல மாடு போச்சு, நாய் போச்சு, ஆத்துக்கு அக்கரையில ஒருத்தரோட கன்னுக்குட்டி போச்சு. ஃபாரஸ்ட் ரேஞ்சர் மதியழகன் சார் கூண்டைக் கொண்டாந்து ஆட்டைக் கட்டி வச்சாரு. புலி தெனம் அந்தக் கூண்டைத் தாண்டித்தான் பெரட்டுக்கு வரும், ஆட்டைத் திரும்பிக்கூடப் பாக்காது, வேலைக்கு லேட்டாகுதுல்ல. அப்புறம் மயக்க ஊசித் துப்பாக்கியும் டாக்டருமா மலைக்கே வந்தாங்க. வந்து என்ன, நாங்க கொழுந்துப் பையோட அதைச் சுத்தி நின்னுக்கிட்டோம், குறி பாக்கவே முடியல. "ஏம்மா, புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? அது புலிம்மா"ன்னு ரேஞ்சர் தலையில அடிச்சுக்கிட்டாரு. "புலிதான் சார், யாரு இல்லேன்னா? வேலை நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்க"ன்னேன். எல்லாரும் சிரிச்சோம். அன்னிக்கு நல்லாச் சிரிச்சோம்.

அந்த வாரத்துலதான் பால்காரர் அய்யாத்துரை போனாரு. கீழ்ப்பாடியில ரெண்டு மாடு வச்சுப் பால் ஊத்திக்கிட்டு இருந்தவரு, புல்லறுக்கப் போன எடத்துல. இந்தத் தடவை சந்தேகத்துக்கு எடமே இல்ல, பாதி ஆளு கெடைச்சாரு. மறுநாள் பெரட்டுக்குப் புலி வந்தப்ப வாய்கிட்ட வெள்ளை ரோமம் கறுத்துக் கெடந்துச்சு. யாரும் யாரையும் பாக்கல. நாங்க அன்னிக்கும் அவ பையில கொழுந்து போட்டோம். போட்டோம், என்னத்தை மறைக்க.

அய்யாத்துரை சம்சாரம் சந்தனமாரி, காரியம் முடிஞ்ச கையோட எங்க பெரட்டுக்கு ஏறி வந்தா. ஒப்பாரி வைக்கல, ஒருத்தரையும் திட்டல. ஜெபராஜ் ஐயா முன்னாடி நின்னு, "ஐயா, எம்புருசன் எந்தக் கம்பெனியிலயும் வேலை பாக்கல, அவரு பேரை எந்தப் பெரட்டுலயும் கூப்பிட மாட்டாங்க. ஒருக்கா, ஒரே ஒருக்கா, நீங்க கூப்பிடுங்கய்யா"ன்னா. அவரு எங்களைப் பாத்தாரு. நாங்க தலையைக் குனிஞ்சோம். கூப்பிட்டாரு. "அய்யாத்துரை." புலி என் பக்கத்துலதான் நின்னுச்சு. அந்தப் பேரு காதுல விழுந்ததும் தலையைத் தூக்குச்சு. வடிவுக்கு நின்ன மாதிரி நிக்கல, தெருவுல தெரிஞ்ச குரல் கேட்டா திரும்புவோமே, அப்படி மெதுவாத் திரும்பி அவளைப் பாத்துச்சு. அவளும் பாத்தா. கையெடுத்துக் கும்பிட்டா. அப்புறம் நேராப் பாடிக்குப் போயி, பொன்ராணி வீட்டு வாசல்ல ஒக்காந்துட்டா. நான் வேலையப் போட்டுட்டுப் பின்னாடியே ஓடுனேன், என்ன ரகளை ஆகப்போகுதோன்னு.

ரகளை ஒண்ணும் ஆகல. பொன்ராணி தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு, அவ வாங்கிக் குடிச்சா.

"உங்கம்மா நல்லவதான்"னா சந்தனமாரி. "எங்கிட்ட பால் வாங்கியிருக்கா. கொறை சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அவ பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இங்கயே நிறுத்தி வச்சிருக்கீங்க. கூப்பிடாம விட்டிருந்தா அது பாட்டுக்கு எந்தக் காட்டுக்கோ போயிருக்கும். எம்புருசன் இப்ப பால் கறந்துக்கிட்டு இருப்பாரு."

"தெரியும் சித்தி"ன்னா பொன்ராணி.

"உனக்கு வீடு வேணும். அதுவும் எனக்குத் தெரியுது. எனக்கு ரெண்டு பிள்ளைங்க, அதுகளும் புல்லறுக்கத்தான் போகணும். அதை மட்டும் உங்கிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

எந்திரிச்சுப் போயிட்டா. சொம்பைக் கழுவி வச்சுட்டுத்தான் போனா. பொன்ராணி வாசல்லயே நின்னுச்சு. உள்ள இருந்து பரமசிவம் அண்ணன், யாரு கண்ணு வந்ததுன்னு கேட்டாரு. பால்காரம்மாப்பான்னுச்சு. பால் வாங்குனியான்னு கேட்டாரு. அந்தப் பிள்ளை எங்கிட்டத் திரும்பி, "பெரியம்மா, ரேஞ்சர் சாரை நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. களத்துக்குள்ள மட்டும் துப்பாக்கியத் தூக்க வேணாம்னு சொல்லுங்க. நீங்க யாரும் நாளைக்குச் சுத்தி நிக்காதீங்க"ன்னுச்சு.

"அடிப் பாவி, அப்ப வீடு? புலி போயிருச்சுன்னா உங்கம்மா பேருக்கு யாரு வந்து நிப்பா? நான் குரல் குடுத்தா இனிமே செல்லுமாடி? புலியே வந்து நின்ன பேருக்கு எவளுக்கு வாய் வரும்?"

"நான் பாத்துக்கறேன் பெரியம்மா."

பதினேழு வயசுப் பிள்ளை என்னத்தைப் பாத்துக்கும்? ஆனா அது சொன்ன தோரணையில மறுத்துப் பேச முடியல. போயிச் சொல்லி விட்டேன்.

மறுநாள் ரேஞ்சர், டாக்டர், துப்பாக்கிக்காரங்க எல்லாம் ரோட்டுப் பக்கம் ஜீப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னாங்க. சந்தனமாரியும் வந்திருந்தா, தள்ளி நின்னா. மஞ்சு அன்னிக்கும் அப்படித்தான் கெடந்துச்சு. நாங்க வரிசையில நிக்கறப்ப, பாடியில இருந்து பொன்ராணி எறங்கி வந்துச்சு. அம்மாவோட பிளாஸ்டிக் படங்கை இடுப்புல கட்டி, அம்மாவோட தலைத்துண்டைக் கட்டி, கொழுந்துப் பையைத் தோள்ல மாட்டி, வந்து என் எடது கைப்பக்கமா நின்னுச்சு. நான் அது கையைப் புடிச்சேன், கையில சூடே இல்ல. ஜெபராஜ் ஐயா ஒவ்வொரு பேராக் கூப்பிட்டுக்கிட்டே வந்தாரு, வடிவுகிட்ட வந்ததும் நின்னுட்டாரு. "கூப்பிடுங்கய்யா"ன்னு பொன்ராணிதான் சொன்னுச்சு. கூப்பிட்டாரு.

"சுடலைவடிவு."

தேயிலை அசைஞ்சுச்சு. புலி எறங்குச்சு. எப்பவும் போல எடது காலைத் தூக்கித் தூக்கி வச்சுக்கிட்டு, நேரா தன்னோட எடத்தைப் பாத்து வந்துச்சு, எடத்துல ஆளு நிக்கிறதைப் பாத்துச்சு, கையெட்டுற தூரத்துல நின்னுருச்சு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிச்சுங்க. பெத்தவளும் பிள்ளையும் அத்தனை நாளுக்கப்புறம் பாத்துக்கறதை, பக்கத்துல நின்னு பாக்கற கொடுமையெல்லாம் எனக்கு எழுதியிருந்துச்சு. நான் அழுதேன். அந்தப் பிள்ளை அழல. கழுத்தை நிமித்தி, களம் பூராக் கேக்கற மாதிரி, "இருக்கேங்கய்யா"ன்னுச்சு.

புலிக்குப் புரியல. காதை முன்னாடி ஒருக்கா, பின்னாடி ஒருக்கா மடக்குச்சு. தன் பேருக்கு இன்னொருத்தி இருக்கேன்னு சொன்னா யாருக்குத்தான் புரியும்? வாய் லேசாத் தொறந்துச்சு, ஆனா புலிக்கு ஏது பேச்சு. வெறுங்கையா நிக்கிற ஆளு மாதிரி நின்னுச்சு பாவம், போக எடம் தெரியாம. அப்பத்தான் பொன்ராணி ஒரு அடி முன்னால போயி, குனிஞ்சு, அதோட காதுகிட்ட என்னமோ சொன்னுச்சு. பக்கத்துல இருந்ததால எனக்கு மட்டும் கேட்டுச்சு.

"அம்மா, பேரில்லாம வெறுமனே போகாத. என் பேரை எடுத்துட்டுப் போ."

ஜெபராஜ் ஐயா அடுத்த பேரைக் கூப்பிட்டாரு. குருவம்மா. நான் இருக்கேன்னு சொல்றதுக்குள்ள புலி திரும்பிருச்சு. மலைக்கு ஏறல, சோலைக்கும் போகல. ரோட்டுக்கு எறங்குச்சு. இப்ப நாலு காலையும் நல்லா ஊனி, துள்ளுன மாதிரி நடந்துச்சு, ரோட்டோரத்துத் தேயிலைச் செடியெல்லாம் ஒடம்புல உரசுற மாதிரி ஓரமாவே போச்சு. சின்னப் பாலத்துக்கிட்ட, பள்ளிக்கூடத்து பஸ் நிக்கிற எடத்துல போயி ஒக்காந்துக்கிச்சு. வளைவைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்துச்சு. டாக்டர் பொறுமையாக் குறி பாத்துச் சுட்டாரு. ஊசி குத்துனப்பக்கூட எந்திரிக்கல, வலிச்ச எடத்தைத் திரும்பிப் பாத்துட்டு, மறுபடியும் வளைவையே பாத்துச்சு, அப்புறம் தலையைத் தரையில வச்சிருச்சு. இத்தனை சுளுவா ஒரு புலியப் புடிச்சதில்லைன்னு ரேஞ்சர் சொன்னாரு. சந்தனமாரி கிட்டப் போயி, அது கழுத்துல கைய வச்சுப் பாத்துட்டு எறங்கிப் போயிட்டா.

நாங்க மலை ஏறுனோம். வடிவோட நெரையில அந்தப் பிள்ளை நின்னு கொழுந்து எடுத்துச்சு. இதுக்கு முன்னாடி ஒருநாள்கூடக் கொழுந்து வெட்டுற கத்திரியத் தொட்டதில்ல, படிக்கிற பிள்ளை. ஆனா எங்களுக்கு முன்னால நெரையை முடிச்சிருச்சு. எல்லாரும் சந்தோசமாத்தான் இருந்தோம். இனிமே கீழ்ப்பாடியில பயமில்லாமப் புல்லறுக்கலாம், இவளுக்கு வீடும் போகாது, தொரை எந்தக் காலத்துல மூஞ்சியப் பாத்தாரு, வடிவுன்னா வடிவு. நானும் வாயெல்லாம் பல்லா, "கெட்டிக்காரிடி பொன்ராணி நீ"ன்னேன். திரும்பல. கேக்கலை போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

உச்சிவேளைக்கு எடை போட்டுட்டுச் சாப்பாட்டுக்குப் பாடிக்கு வந்தோம். பரமசிவம் அண்ணன் காத்து வேணும்னு சொல்லி, கட்டிலை வாசப்படிகிட்டப் போட்டு வச்சிருந்தோம். பொன்ராணி உள்ள போயி அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் அண்ணனுக்குப் பக்கத்துல ஒக்காந்து வெத்தலை போட்டேன். அப்பத்தான் பாடி முன்னால ரோட்டுல ஃபாரஸ்ட்டு லாரி வந்துச்சு, மேல கூண்டு, கூண்டுக்குள்ள புலி, மயக்கம் பாதி தெளிஞ்சு படுத்திருந்துச்சு. மைசூருக்குக் கொண்டு போறாங்களாம், இனி காட்டுக்கு விட மாட்டாங்களாம். பாடி சனமெல்லாம் வெளிய வந்து நின்னுச்சு. மேடுங்கறதால லாரி முக்கி முக்கி மெதுவா ஏறுச்சு. அண்ணனுக்கு நாங்க ஒண்ணுமே சொல்லியிருக்கல, புலி வந்ததும் தெரியாது, போறதும் தெரியாது. அவரு கூண்டையே உத்துப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தவரு, கோணுன வாயி ஒரு நிமிசம் நேரானாப்புல ஆகி, கையத் தூக்க முடியாமத் தூக்கி, பாடியே கேக்கற மாதிரி கத்துனாரு.

"பொன்ராணி! கண்ணு, பொன்ராணி! அப்பாவை விட்டுட்டு எங்கடா போற?"

கூண்டுக்குள்ள புலி சடார்னு எந்திரிச்சுச்சு. கம்பியில ரெண்டு காலையும் வச்சு நின்னு, அவரைப் பாத்துச்சு. லாரி வளைவு திரும்புற வரைக்கும் அவரை மட்டுமே பாத்துச்சு.

உள்ள அரிசி களையிற சத்தம் நின்னுச்சு. ஈரக்கையை முந்தானையில தொடைச்சுக்கிட்டு, நெலைப்படிகிட்ட வந்து நின்னவ, கட்டிலைப் பாத்துக் கேட்டா.

"என்னங்க, யாரைக் கூப்பிடுறீங்க?"